விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் அடிஷன்ஸ் சரியா ஏறலையா? உள்ள ஏற்கனவே இருக்கிறத முதல்ல எடுங்க

லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ விர்ச்சுவல் மெஷின்ல புதுசா போட்டுட்டு, டிவைசஸ் மெனுவுல போய் கெஸ்ட் அடிஷன்ஸ் (விர்ச்சுவல் மெஷினுக்குள்ள போடுற டிரைவர் தொகுப்பு) சிடிய உள்ள விட்டு ரன் பண்றோம், என்னென்னவோ ஓடுது, முடிஞ்சுதுன்னு சொல்லுது, ரீபூட் பண்ணிப் பாத்தா ஸ்க்ரீன் ஜன்னலுக்கு ஏத்த மாதிரி பெருசாக மாட்டேங்குது, ஷேர்டு ஃபோல்டர் மவுன்ட் ஆகல, காப்பி பேஸ்ட் வேலை செய்யல. உடனே நிறைய பேர் என்ன செய்றாங்கன்னா அதே சிடிய திரும்பவும் ரன் பண்றாங்க. மூணு நாலு தடவ ரன் பண்ணிட்டு வந்து கேக்கிறவங்க இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் நிலைமை இன்னும் கொஞ்சம் சிக்கலாகும், ஏன்னா கோளாறு சிடில இல்ல, நீங்க சிடிய போடுறதுக்கு முன்னாடியே உள்ள இன்னொரு கெஸ்ட் அடிஷன்ஸ் இருந்திருக்கு, ரெண்டும் ஒரே ஃபைல் பேருக்கு அடிச்சுக்குது.

அறிகுறிக்குப் போறதுக்கு முன்னாடி இத மட்டும் தெரிஞ்சுக்குங்க. இந்த டிரைவர் உங்க மெஷினுக்குள்ள மூணு வழியா வரலாம். ஒண்ணு, டிஸ்ட்ரோவே (உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் வகை) தர்ற பேக்கேஜ். உபுண்டு மின்ட்ல விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-யூட்டில்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-எக்ஸ்11னு ரெண்டு, பழைய வெர்ஷன்கள்ல விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-டிகேஎம்எஸ்னு மூணாவதும் இருக்கும். லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓ-லயே இது சேர்ந்து வருது, நீங்க கேக்காமலே. ரெண்டாவது, நாம கையால போடுற சிடி, அதோட டாட் ரன் ஃபைல். மூணாவது லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலே. இத பலர் கவனிக்கிறதில்ல. ரெட் ஹாட்ல இருந்த ஹான்ஸ் டி கோட் (Hans de Goede)ங்கிறவரு வேலை பாத்து இந்த மாட்யூல்கள (கெர்னல்ல ஏறுற டிரைவர் துண்டுகள) ஒவ்வொண்ணா கெர்னலுக்குள்ள கொண்டு வந்தாரு, விபாக்ஸ்வீடியோ 2017ல கெர்னல் 4.13ல ஸ்டேஜிங்கா, அதாவது இன்னும் முழுசா தேறாத நிலைல வந்துச்சு, விபாக்ஸ்கெஸ்ட் 2018ல 4.16ல வந்துச்சு, ஷேர்டு ஃபோல்டருக்கான விபாக்ஸ்எஸ்எஃப் 2020ல 5.6ல வந்துச்சு. அதனால இன்னைக்கு புது டிஸ்ட்ரோ எது போட்டாலும் பெரும்பாலும் ஒண்ணும் இன்ஸ்டால் பண்ணாமலே பாதி டிரைவர் உள்ள இருக்கு.

இதுல எந்த வழியா வந்துச்சோ அந்த வழியாவே வெளிய அனுப்பணும். பேக்கேஜா வந்தத ஏபிடி வழியா எடுக்கணும், சிடியா வந்தத அதோட அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் வழியா எடுக்கணும், கெர்னலோட வந்தத தொடவே கூடாது. ஃபைல ஒவ்வொண்ணா ஆர்எம் போட்டு அழிக்கிற வேலை மட்டும் வேணாம்.

கமாண்ட் எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல நீங்க வழக்கம்போல ஆங்கில எழுத்துல அடிங்க. ஏபிடின்னா பேக்கேஜ் கமாண்ட், ஓபிடின்னா ஸ்லாஷ் போட்டு வர்ற அந்த ஃபோல்டர், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இன்னொண்ணு, எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷின் இப்ப இருக்கிற நிலைமைய அப்படியே சேமிச்சு வெக்கிறது) எடுத்துடுங்க. விர்ச்சுவல் மெஷின்ல நமக்கு இருக்கிற பெரிய வசதியே அதுதான், எடுக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாக்கிறது

எந்த அறிகுறியா இருந்தாலும் இந்த மூணு கமாண்ட அடிச்சுட்டுதான் அடுத்ததுக்குப் போகணும்.

டிபிகேஜி -எல் | கிரெப் -ஐ விர்ச்சுவல்பாக்ஸ்

எல்எஸ் /ஓபிடி

மாட்இன்ஃபோ -என் விபாக்ஸ்கெஸ்ட்

முதல் கமாண்ட்ல வர்ற வரியோட ஆரம்பத்துல ரெண்டு எழுத்து இருக்கும், அத பாருங்க. ஐஐன்னு இருந்தா பேக்கேஜ் முழுசா இன்ஸ்டால் ஆகியிருக்கு. ஆர்சின்னு இருந்தா பேக்கேஜ எடுத்தாச்சு ஆனா அதோட கான்ஃபிக் ஃபைல் இன்னும் உள்ள கிடக்குன்னு அர்த்தம், இந்த ஆர்சி பின்னாடி தொல்லை தரும், கிளிப்போர்டு பகுதில சொல்றேன். ஃபெடோரா, ஓபன்சூசேன்னா ஆர்பிஎம் -க்யூஏ | கிரெப் -ஐ விர்ச்சுவல்பாக்ஸ்னு அடிக்கணும், ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷன்ல விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-அடிஷன்ஸ்னு ஒரு பேக்கேஜ் ஏற்கனவே இருக்கும்.

ரெண்டாவது கமாண்ட்ல விபாக்ஸ்கெஸ்ட்அடிஷன்ஸ்னு ஆரம்பிச்சு பின்னாடி வெர்ஷன் நம்பரோட ஒரு ஃபோல்டர் தெரிஞ்சா, யாரோ எப்பவோ சிடில இருந்து போட்டிருக்காங்க. ரெண்டு ஃபோல்டர் வேற வேற நம்பரோட இருந்தா ரெண்டு தடவ போட்டிருக்கு, பழசு சரியா போகல.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம், இத வெச்சே பாதி கேள்விக்கு பதில் கிடைச்சுடும். அது ஒரே ஒரு வரிதான் காட்டும், மாட்யூல் எந்த இடத்துல இருந்து லோட் ஆகுதுங்கிற பாதை. எல்லாமே /லிப்/மாட்யூல்ஸ்ல ஆரம்பிச்சு கெர்னல் வெர்ஷன் வரைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதுக்கு அடுத்த வார்த்தைய பாருங்க. கெர்னல்/டிரைவர்ஸ்/விர்ட்னு போனா கெர்னலோட சேர்ந்து வந்தது. அப்டேட்ஸ்/டிகேஎம்எஸ்னு போனா டிஸ்ட்ரோவோட பழைய டிகேஎம்எஸ் பேக்கேஜ் கட்டினது. மிஸ்க்னு போனா சிடில இருந்து வந்தது. நீங்க சிடிய போட்டு முடிச்ச பின்னாடியும் இந்த வரில மிஸ்க் வரலன்னா, நீங்க போட்ட டிரைவர் ஓடல, வேற எதோ ஓடுது. அது தெரியாம ஸ்க்ரீன் செட்டிங்ஸ மாத்திக்கிட்டே இருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல.

"வேற வழியா போட்ட வெர்ஷன் ஒண்ணு இருக்கு, தொடரவா, யெஸ் ஆர் நோ"ன்னு கேக்குது

சிடிய ரன் பண்ணதும் இன்ஸ்டாலர் நின்னு ஒரு நீளமான பத்தி காட்டும், உங்க சிஸ்டத்துல கெஸ்ட் அடிஷன்ஸ் வேற இடத்துல இருந்தோ வேற வகை இன்ஸ்டாலர் மூலமாவோ ஏற்கனவே வந்திருக்கு, டிஸ்ட்ரோ பேக்கேஜா இருந்தா இத கேன்சல் பண்ணிட்டு அத முறையா எடுத்துட்டு வாங்கன்னு. நாமதான் அவசரத்துல யெஸ்னு அடிச்சு தாண்டிப் போயிடறோம். இன்ஸ்டாலரே இவ்வளவு தெளிவா சொல்லுது, தயவுசெஞ்சு அந்த இடத்துல நோன்னு அடிங்க.

நோ சொல்லிட்டு, மேல சொன்ன முதல் கமாண்ட்ல ஐஐன்னு வந்த பேக்கேஜ் பேரெல்லாம் குறிச்சுக்குங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி ஒத்திகை பாக்கணும்:

சூடோ ஏபிடி-கெட் -எஸ் பர்ஜ் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-யூட்டில்ஸ் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-எக்ஸ்11

பர்ஜ்னா கான்ஃபிக் ஃபைலோட சேர்த்து முழுசா எடுக்கிறது. அந்த -எஸ் இருக்கிற வரைக்கும் உண்மையா எதையும் எடுக்காது, எதெல்லாம் போகும்னு பட்டியல் மட்டும் காட்டும். அந்தப் பட்டியல ஒவ்வொரு வரியா படிங்க. கெஸ்ட்னு பேர் இல்லாத எதாவது, முக்கியமா டெஸ்க்டாப் பேரோ எக்ஸ்ஆர்க் பேரோ அதுல வந்தா அங்கயே நிறுத்துங்க. சரியா இருந்தா -எஸ் எடுத்துட்டு அதே கமாண்ட திரும்ப அடிங்க.

நெட்ல பாத்து பேக்கேஜ் பேருக்கு பதிலா ஸ்டார் போட்டு அடிக்கிறவங்க நிறைய. விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-ஸ்டார்னு போடுறதா இருந்தா கண்டிப்பா கொட்டேஷன் குறிக்குள்ள போடுங்க, இல்லன்னா நீங்க நிக்கிற ஃபோல்டர்ல அதே மாதிரி பேர்ல ஃபைல் எதாவது இருந்தா ஷெல் அந்த ஸ்டார அந்த ஃபைல் பேரா மாத்தி அனுப்பிடும். கெஸ்ட்ங்கிற வார்த்தைய விட்டுட்டு வெறும் விர்ச்சுவல்பாக்ஸ்-ஸ்டார்னு மட்டும் எப்பவும் அடிக்காதீங்க, அந்த டெர்மினல் ஜன்னல் கெஸ்ட்டோடது (விர்ச்சுவல் மெஷின்) இல்ல ஹோஸ்ட்டோடதுன்னு (உங்க உண்மையான கம்ப்யூட்டர்) கவனிக்காம அடிச்சுட்டா விர்ச்சுவல்பாக்ஸே போயிடும்.

ஃபெடோரால சூடோ டிஎன்எஃப் ரிமூவ் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-அடிஷன்ஸ், ஆர்ச்ல சூடோ பேக்மேன் -ஆர்என்எஸ் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-யூட்டில்ஸ், அந்த ஆர் மட்டும் பெரிய எழுத்து. ஆனா ஃபெடோராலயும் ஆர்ச்லயும் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிங்க, அங்க டிஸ்ட்ரோ தர்றதே புதுசா இருக்கும், கெர்னல் அடிக்கடி மாறும், சிடி மாட்யூல் ஒவ்வொரு கெர்னலுக்கும் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். நானா இருந்தா அங்க சிடியே போட மாட்டேன். உபுண்டு 24.04லயும் 7.0 வரிசை பேக்கேஜ்தான் இருக்கு, உங்க ஹோஸ்ட்ல 7.0ன்னா அதுவே போதும். உபுண்டு 22.04ல 6.1 வரிசை, ஹோஸ்ட்ல 7க்குப் போயிட்டவங்களுக்கு அங்கதான் சிடி போடுற அவசியம் உண்மையா வருது.

பேக்கேஜ எடுத்ததும் உடனே சிடிய ரன் பண்ணாம ஒரு ரீபூட் போடுங்க. பழைய விபாக்ஸ்சர்வீஸ் இன்னும் மெமரில ஓடிக்கிட்டிருக்கும், மாட்யூலும் பிடியில இருக்கும். ரீபூட்டுக்கு அப்புறம் ஸ்க்ரீன் சின்னதா வரலாம், கிளிப்போர்டு போயிருக்கும், அது எதிர்பாத்ததுதான். அப்புறம்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் பிஜிப்2 லினக்ஸ்-ஹெடர்ஸ்-$(யூநேம் -ஆர்)

இது முடிஞ்சதும் சிடி மவுன்ட் ஆன ஃபோல்டருக்குள்ள போய் விபாக்ஸ்லினக்ஸ்அடிஷன்ஸ் டாட் ரன் ஃபைல சூடோவோட ஓட்டுங்க. இந்தத் தடவ அந்த யெஸ் ஆர் நோ கேள்வி வரக் கூடாது. வந்தா இன்னும் எதோ மிச்சம் இருக்கு, மூணு கமாண்டையும் திரும்ப அடிச்சுப் பாருங்க.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கு இல்ல"

இத கொஞ்சம் நின்னு சொல்லணும், நிறைய பேர் ராத்திரியெல்லாம் உக்காந்து தேடுறது இதுக்காகத்தான்.

என் சித்தப்பா பையன் காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க ஒரு மின்ட் விர்ச்சுவல் மெஷின்ல வெச்சிருந்தான், கோடு எல்லாம் ஷேர்டு ஃபோல்டர் வழியா ஹோஸ்ட்ல இருக்கும். ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபோன் பண்றான், "அண்ணா, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சுண்ணா, நான் ஒண்ணும் தொடல, காலைல ஷேர்டு ஃபோல்டர் காலியா இருக்கு"ன்னு. குரல்லயே பயம் தெரிஞ்சுது. ஃபைல் எல்லாம் ஹோஸ்ட்ல பத்திரமா இருக்கு, மவுன்ட்தான் ஆகலன்னு முதல்ல அத சொல்லி அமைதிப்படுத்தினேன். அப்புறம் /வார்/லாக்/ஏபிடி/ஹிஸ்டரி.லாக் ஃபைல திறந்து கடைசி பகுதிய படிச்சு காட்டச் சொன்னேன். அப்கிரேட்னு ஆரம்பிக்கிற ஒரு நீளமான வரி, அதுல நடுவுல விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-யூட்டில்ஸ், முந்தின நாள் ராத்திரி பதினோரு மணி. தூங்கப் போறப்ப அப்டேட் மேனேஜர்ல எல்லாத்தையும் டிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்திருக்கான், அத அவன் தொட்டதா நினைக்கல, யாருமே நினைக்க மாட்டாங்க.

என்ன நடந்துச்சுன்னா, ஆறு மாசம் முன்னாடி அவன் அந்த யெஸ் ஆர் நோ கேள்விக்கு யெஸ் சொல்லி பேக்கேஜ் மேலயே சிடிய போட்டிருக்கான். சிடி இன்ஸ்டாலர் உண்மையான ஃபைல்கள /ஓபிடிக்குள்ள வெச்சுட்டு /யுஎஸ்ஆர்/பின், /யுஎஸ்ஆர்/எஸ்பின் இடங்கள்ல விபாக்ஸ்கிளையன்ட், விபாக்ஸ்கண்ட்ரோல், விபாக்ஸ்சர்வீஸ் பேர்ல லிங்க் மட்டும் போடும். அதே பேர், அதே இடம்தான் டிஸ்ட்ரோ பேக்கேஜுக்கும் சொந்தம்னு டிபிகேஜி (ஏபிடிக்குக் கீழ பேக்கேஜ் கணக்கு பாக்கிற ப்ரோகிராம்) கணக்குல எழுதியிருக்கு. பேக்கேஜுக்கு ஒரு அப்டேட் வந்ததும் டிபிகேஜி அந்த லிங்க தூக்கிட்டு தன்னோட பழைய வெர்ஷன் ஃபைல அங்க வெச்சுடுச்சு. இப்ப மாட்யூல் சிடியோடது, மேல ஓடுற ப்ரோகிராம் டிஸ்ட்ரோவோடது, ரெண்டுக்கும் வெர்ஷன் வேற.

இந்த இடத்துல இன்னொரு தப்பும் சேர்ந்து நடக்கும். ஓ பேக்கேஜ்தான் பிரச்சனையான்னு இப்ப அத மட்டும் பர்ஜ் பண்ணுவாங்க. பண்ணா டிபிகேஜி தன் கணக்குல இருக்கிற எல்லா பேரையும் அழிக்கும், அதுல சிடி போட்ட லிங்க்கும் சேர்ந்து போயிடும், அப்புறம் விபாக்ஸ்கிளையன்ட்டே இல்லன்னு வரும். அதனால ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கிடக்கிற மெஷின்ல வரிசை இதுதான்: முதல்ல சிடி வெர்ஷன எடுக்கணும், சூடோ /ஓபிடி/விபாக்ஸ்கெஸ்ட்அடிஷன்ஸ்-7.0.ஏதோ/அன்இன்ஸ்டால்.எஸ்எச், அந்த நம்பர் உங்க ஃபோல்டர்ல என்னவோ அத போடுங்க. ரெண்டு ஃபோல்டர் இருந்தா ரெண்டுக்கும் தனித்தனியா. அடுத்து பேக்கேஜ பர்ஜ். அடுத்து ரீபூட். அதுக்கு அப்புறம் சுத்தமான தரைல சிடிய ஒரே ஒரு தடவ போடணும். அவனோட மெஷின்ல இத ஃபோன்லயே சொல்லி முடிக்க நாப்பது நிமிஷம் ஆச்சு, அதுல பாதி அப்டேட் டவுன்லோடு.

இன்ஸ்டால் வெற்றின்னு சொல்லுது, ஆனா மாட்இன்ஃபோ அப்டேட்ஸ்/டிகேஎம்எஸ்னு காட்டுது

இது பழைய மெஷின்கள்ல, உபுண்டு 18.04 காலத்துல இருந்து மேல மேல அப்கிரேட் பண்ணிக்கிட்டு வர்றதுல வரும். டிகேஎம்எஸ்ங்கிறது கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூல தானா திரும்பக் கட்டுற ஏற்பாடு, அத யாரும் நிறுத்தலன்னா புது கெர்னலுக்கும் பழைய சோர்ஸ வெச்சு கட்டிக்கிட்டே இருக்கும். உபுண்டுல மாட்யூல் தேடுற வரிசைல அப்டேட்ஸ் ஃபோல்டர்தான் முதல்ல, அதனால மிஸ்க்ல நீங்க புதுசு வெச்சிருந்தாலும் பழசு முந்திக்கும்.

சூடோ டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடிங்க. விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்னு ஒரு பேரும் பக்கத்துல 5.2ல ஆரம்பிக்கிற மாதிரி ஒரு நம்பரும் வந்தா, பேக்கேஜ் இன்னும் இருந்தா அத பர்ஜ் பண்ணுங்க, அதுவே டிகேஎம்எஸ்ல இருந்தும் எடுத்துடும். பேக்கேஜ் எப்பவோ போயிடுச்சு ஆனா டிகேஎம்எஸ்ல மட்டும் மிச்சம் நிக்குதுன்னா சூடோ டிகேஎம்எஸ் ரிமூவ் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்/அந்த நம்பர் --ஆல். முடிஞ்சதும் சூடோ டெப்மாட் -ஏ, அப்புறம் சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ. இந்த கடைசி கமாண்ட விட்டுடாதீங்க, பழைய மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதல்ல லோட் ஆகிற சின்ன சிஸ்டம்) உள்ளயும் ஒரு காப்பி உக்காந்திருந்தா டிஸ்க்ல எவ்வளவு சுத்தம் பண்ணாலும் பூட் ஆகும்போது அதுதான் முதல்ல ஏறும்.

ஷேர்டு ஃபோல்டர் மவுன்ட் ஆகல

மெசேஜ வரிக்கு வரி படிங்க, ஒவ்வொண்ணும் வேற கதை. நோ சச் டிவைஸ்னு வந்தா விபாக்ஸ்எஸ்எஃப் மாட்யூல் லோட் ஆகல, சூடோ மாட்புரோப் விபாக்ஸ்எஸ்எஃப் அடிச்சா அது ஏன் ஏறலன்னு அங்கயே சொல்லும். அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப்னு வந்தா மாட்யூலும் இல்ல, மவுன்ட் பண்ண உதவுற மவுன்ட்.விபாக்ஸ்எஸ்எஃப் ப்ரோகிராமும் இல்ல. ப்ரோட்டோகால் எரர்னு வந்தா பெரும்பாலும் டிரைவர் நல்லா இருக்கு, நீங்க கொடுத்த ஷேர் பேரு விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸ்ல இருக்கிற பேரோட ஒத்துப் போகல, இதுக்காக எதையும் அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க.

பர்மிஷன் டினைடுன்னா அதவிட எளிது, சூடோ யூசர்மாட் -ஏஜி விபாக்ஸ்எஸ்எஃப் உங்கயூசர்பேர், அதுல ஏ சின்னது, ஜி பெரியது, அந்த ஏவ விட்டுட்டா மத்த குரூப்ல இருந்து எல்லாம் உங்கள தூக்கிடும், சூடோ குரூப் உட்பட. லாக் அவுட் பண்ணி திரும்ப வாங்க.

ஒண்ண மட்டும் கிட்ட போய்ப் பாருங்க, எல்எஸ் -எல் /எஸ்பின்/மவுன்ட்.விபாக்ஸ்எஸ்எஃப். சிடி போட்ட மெஷின்ல அது ஒரு லிங்க், அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் /ஓபிடிக்குள்ள ஒரு பாதை தெரியும். டெர்மினல்ல அது சிவப்பா தெரிஞ்சா அந்தப் பக்கம் ஃபைலே இல்ல, பழைய வெர்ஷன் ஃபோல்டர யாரோ கையால அழிச்சுட்டாங்க, லிங்க் மட்டும் அனாதையா நிக்குது. 2014ல விர்ச்சுவல்பாக்ஸ் 4.3.10 வந்தப்ப இன்ஸ்டாலரே தப்பான இடத்துக்கு லிங்க் போட்டு, வேக்ரன்ட் (விர்ச்சுவல் மெஷின தானா உருவாக்கித் தர்ற கருவி) யூஸ் பண்ணவங்க நிறைய பேர் ஒரே நேரத்துல இதுல மாட்டினாங்க, அப்ப எழுதின கையால லிங்க் போடுற வைத்தியம் இன்னைக்கும் தேடினா மேல வருது. இப்ப அத செய்யாதீங்க, அந்த பாதை உங்க மெஷின்ல இல்லவே இல்ல. எடுத்துட்டு முறையா போட்டாலே லிங்க் தானா சரியாயிடும்.

கிளிப்போர்டு மட்டும் வேலை செய்யல, இல்ல விட்டு விட்டு வேலை செய்யுது

பிஎஸ் ஏயூஎக்ஸ் | கிரெப் -ஐ விபாக்ஸ்கிளையன்ட் அடிங்க. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஜோடி ப்ராசஸ் வரும், கிளிப்போர்டுக்கு, டிராக் அண்ட் டிராப்புக்கு, அப்படி. கிளிப்போர்டுக்கு ரெண்டு ஜோடி வேற வேற பாதைல இருந்து ஓடினா அங்கதான் சண்டை. இதுக்குத்தான் மேல ஆர்சி பத்தி சொன்னேன். வெறும் ரிமூவ் பண்ணா /இடிசி கீழ இருக்கிற ஃபைல்கள விட்டுட்டுப் போகும், /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன்.டி உள்ள 98விபாக்ஸ்ஏட்-எக்ஸ்கிளையன்ட்னு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கு, லாகின் ஆகும்போது விபாக்ஸ்கிளையன்ட்ட கிளப்பி விடுறது அதுதான். அதனாலதான் எல்லா இடத்துலயும் ரிமூவ்னு சொல்லாம பர்ஜ்னு சொல்லிக்கிட்டு வர்றேன்.

எல்லாம் ஒரு ஜோடிதான் ஓடுது, அப்பவும் வேலை செய்யலன்னா எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்னு அடிச்சுப் பாருங்க, எல்லாம் பெரிய எழுத்துல. வேலண்ட்னு (எக்ஸ்ஆர்க்குக்கு பதிலா ஸ்க்ரீன்ல ஜன்னல்கள காட்டுற புது முறை) வந்தா பேக்கேஜ் சண்டை இல்ல. வேலண்ட்டுக்கு கிளிப்போர்டு ஆதரவு 2024ல வந்த 7.1லதான் சேர்ந்துச்சு, அதுக்கு முந்தின வெர்ஷன்ல இருந்தா லாகின் ஸ்க்ரீன்ல பல்சக்கரத்த அமுக்கி எக்ஸ்ஆர்க் செஷன தேர்ந்தெடுத்துப் பாருங்க.

பில்டு தோத்துப் போச்சு, லாக்க பாருன்னு சொல்லுது

பார்க்க வேண்டிய லாக் /வார்/லாக்/விபாக்ஸ்ஏட்-செட்டப்.லாக். கடைசில இருந்து மேல நோக்கிப் படிங்க. ஹெடர்ஸ் (மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் ஃபைல்கள்) கிடைக்கலன்னு இருந்தா, கெர்னல் அப்டேட் இறங்கியிருக்கும் ஆனா நீங்க இன்னும் பழைய கெர்னல்ல ஓடிக்கிட்டிருப்பீங்க, ரீபூட் பண்ணிட்டு ஹெடர்ஸ் போடுங்க. ஜிசிசி-12 நாட் ஃபவுண்டுன்னு இருந்தா அது உபுண்டு 22.04ல 6.5 கெர்னலுக்கு மாறினவங்களுக்கு வந்தது, கெர்னல கட்டினது ஜிசிசி (கம்பைலர்) 12, அந்த உபுண்டுல இயல்பா இருக்கிறது 11, சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஜிசிசி-12 போதும். அப்புறம் சிடிய திரும்ப ஓட்ட வேணாம், சூடோ /எஸ்பின்/ஆர்சிவிபாக்ஸ்ஏட் செட்டப் அடிச்சா மாட்யூல மட்டும் கட்டிக்கும்.

கீ வாஸ் ரிஜெக்டட்னு வருது

செக்யூர் பூட், அதாவது கையெழுத்து இல்லாத மாட்யூல ஏற விடாத பாதுகாப்பு, ஆன்ல இருக்கு. 2022ல வந்த 7.0ல இருந்து கெஸ்ட்டுக்கும் செக்யூர் பூட் வெக்கலாம், அதனால இப்ப இது அடிக்கடி வருது. சூடோ மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட் அடிச்சா உறுதியாத் தெரியும். உங்களுக்கு செக்யூர் பூட் அவசியம் இல்லன்னா மெஷின அணைச்சுட்டு செட்டிங்ஸ்ல எடுத்துடலாம். அவசியம்னா சிடிய விட்டுடுங்க, கெர்னலோட வர்ற மாட்யூல் ஏற்கனவே டிஸ்ட்ரோ கையெழுத்தோட இருக்கு, சிடி வெர்ஷன அன்இன்ஸ்டால் பண்ணிட்டு டிஸ்ட்ரோ பேக்கேஜ திரும்பப் போட்டா ஒரு சாவியும் கேக்காம ஏறும்.

கறுப்பு ஸ்க்ரீன், லாகின் பண்ணா திரும்பவும் லாகின்

ஹோஸ்ட் கீ, சாதாரணமா வலது கண்ட்ரோல், அதோட எஃப்3 அமுக்குங்க, டெக்ஸ்ட் கன்சோல் வரும். அங்க லாகின் பண்ணி சிடி வெர்ஷன அன்இன்ஸ்டால் பண்ணுங்க, ரீபூட் பண்ணுங்க. டெஸ்க்டாப் வந்துச்சுன்னா கோளாறு அதுதான், மேல சொன்ன வரிசைல ஆரம்பத்துல இருந்து வாங்க. கன்சோலே வரலன்னா அந்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிடுங்க. போறபோக்குல டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல கிராஃபிக்ஸ் கண்ட்ரோலர் என்னன்னும் பாருங்க, லினக்ஸ் கெஸ்ட்டுக்கு விஎம்எஸ்விஜிஏதான் வெக்கணும், பழைய மெஷின்ல விபாக்ஸ்விஜிஏன்னு நின்னுக்கிட்டிருக்கும். விஎம்எஸ்விஜிஏ வெச்சா எல்எஸ்மாட்ல விபாக்ஸ்வீடியோ வராது, விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ்னுதான் வரும், அத பாத்து டிரைவர் காணோம்னு திரும்ப இன்ஸ்டால் பண்ண ஆரம்பிச்சுடாதீங்க.

விஎம்வேர்ல இருந்து கொண்டு வந்த டிஸ்க்

இதுல ஓபன்-விஎம்-டூல்ஸ் (விஎம்வேருக்கான கெஸ்ட் அடிஷன்ஸ் மாதிரி) உள்ள இருக்கும். அதோட சர்வீஸ் விஎம்வேர் இல்லாத இடத்துல தானா எழுந்திரிக்காது, அதனால பெரிய கெடுதல் இல்ல, ஆனாலும் இனி விர்ச்சுவல்பாக்ஸ்தான்னு முடிவு பண்ணிட்டா பர்ஜ் பண்ணிடுங்க. எதிர்ப்பக்கம் போறவங்களுக்கும் ஒண்ணு, விஎம்வேர்ல பழைய டார் ஃபைல் டூல்ஸ தேடி எடுத்து போடாதீங்க, அந்த இன்ஸ்டாலரே ஓபன்-விஎம்-டூல்ஸதான் போடச் சொல்லும். டெஸ்க்டாப்னா ஓபன்-விஎம்-டூல்ஸ்-டெஸ்க்டாப் சேர்த்துப் போடணும், ஸ்க்ரீன் பெருசாகிறதும் காப்பி பேஸ்ட்டும் அதுலதான் இருக்கு.

எல்லாம் முடிஞ்சதும்

சிடி வழியா போட்டவங்களுக்கு, மாட்இன்ஃபோ -என் விபாக்ஸ்கெஸ்ட் அடிச்சா மிஸ்க் வரணும், விபாக்ஸ்கண்ட்ரோல் --வெர்ஷன் அடிச்சா நீங்க போட்ட சிடியோட நம்பர் வரணும், டிபிகேஜி பட்டியல்ல விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்னு ஐஐயும் இருக்கக் கூடாது ஆர்சியும் இருக்கக் கூடாது. மூணும் சரின்னா ஏபிடி அந்தப் பேக்கேஜ எதோ ஒரு சிபாரிசுல திரும்ப உள்ள கொண்டு வராம இருக்க சூடோ ஏபிடி-மார்க் ஹோல்டு விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-யூட்டில்ஸ் விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-எக்ஸ்11 போட்டு வெச்சுடுங்க, பழைய ஸ்னாப்ஷாட்ட அழிச்சுட்டு இப்ப இருக்கிற நிலைமைல புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க.